மணல் மூட்டைக்குப் பதிலாக அப்பா

டெஸ்டிங் சார் என்பது தொழிற்சாலையில் வைத்த பெயர். அது வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டதற்கு அவர் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. பீங்கான் கோப்பை செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவருக்கு வேலையே பெட்டியைக் கீழே போடுவதுதான். இடுப்பு உயரத்திலிருந்து ஒரு தடவை போடுவார், மூலை கீழே படுகிற மாதிரி ஒரு தடவை போடுவார், பிறகு பிரித்து எத்தனை கோப்பை பிழைத்திருக்கிறது என்று பார்ப்பார். புது ஊருக்குச் சரக்கு போவதென்றால் முதலில் ஒரே ஒரு பெட்டி லாரியில் போய்த் திரும்பி வரவேண்டும். அதற்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கும். வழியில் எங்கே குலுங்கியது, எவ்வளவு குலுங்கியது என்று ஒன்று விடாமல் பதிந்து வைக்கும். அதைப் பார்த்துவிட்டு அவர் 'போகலாம்' என்று சொன்னால்தான் மற்ற பெட்டிகள் நகரும். முதலாளியே சொன்னாலும் நகராது.

இப்படிப்பட்ட மனிதர் வீட்டில் எப்படி இருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புது நாற்காலி வந்தால் முன்னால், பின்னால், ஓரமாக என்று மூன்று விதமாக உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விருந்தாளிக்குக் கொடுப்பார். புதுக் குடையைக் குளியலறையில் விரித்துப் பிடித்து, ஷவரைத் திறந்துவிட்டு, பேன்ட் சட்டையோடு நிற்பார். குடை நனையும், அவர் பெரும்பாலும் நனைய மாட்டார். அதில் அவருக்கு ஒரு திருப்தி.

அவருக்கு ஒரே மகள், ஐந்து வயது. மேசைக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள் என்று எங்கேயாவது புகுந்துகொண்டு பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள் என்பதால் சுண்டெலி என்று பெயர். சுண்டெலியை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பதில்தான் வீடு இரண்டுபட்டுக் கிடந்தது.

ஒரு பள்ளி தெருக்கோடியில், சலவைக் கடைக்குப் பின்னால் இருந்தது. நடந்தே போய்விடலாம். வாசலில் ஒரு வேப்ப மரம், உள்ளே இரண்டு மாடி, ஓடிப்பிடித்து விளையாட ஒரு முற்றம், அவ்வளவுதான். இன்னொன்று நகரத்தின் மறு கோடியில். நீச்சல் குளம் உண்டு, பெரிய நூலகம் உண்டு, குதிரைகூட உண்டு. வேனில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். தவம் கிடந்தாலும் கிடைக்காத இடம் அங்கே கிடைத்துவிட்டது. வேண்டுமா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். தன் மகள் குதிரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகப் போகிறாள் என்று டெஸ்டிங் சார் தொழிற்சாலையில் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோரிடமும் ஏற்கெனவே வாயை விட்டிருந்தார்.

அவர் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க ஆட்களை உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்பவள். யாரும் முழு உண்மையை முதல் தடவையில் சொல்வதில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவசரப்படவே மாட்டாள்.

"நடந்து போற ஸ்கூல் ஒண்ணு. அரைத் தூக்கத்துல எழுப்பி வேன்ல ஏத்தற ஸ்கூல் ஒண்ணு. இதுல எது தெளிவா தெரியுது உங்களுக்கு?" என்றாள்.

"தூரத்தை மட்டும் பார்த்தா எப்படி? எங்க கோப்பை கப்பல்ல ஒரு மாசம் போகுது. ஒரு கீறல் கிடையாது. எல்லாம் பேக்கிங்லதான் இருக்கு."

"அப்ப குழந்தைய வைக்கோல்ல சுத்தி அனுப்பப் போறீங்களா?"

"கேலி பண்ணாத. அனுப்பிப் பார்த்துட்டுப் பேசலாம். டெஸ்ட் பாஸானா குதிரை. ஃபெயிலானா சலவைக் கடை. சரியா?"

மறுநாளே ஒரு மணல் மூட்டை தயாரானது. சுண்டெலியை எடை பார்த்து, அவள் நடுவில் பிஸ்கட் தின்றுவிட்டாள் என்று மறுபடியும் எடை பார்த்து, கடைசிப் பிடி மணலைக் கரண்டியால் போட்டு முடித்தார். உள்ளே கருவியை வைத்துத் தைத்தார். சுண்டெலி அதற்குக் கண்ணும் மூக்கும் வரைந்து, தன் தொப்பியை மாட்டி, சாப்பிட்டாயா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

குதிரைப் பள்ளிக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேனை ஓட்டுபவள் ஒரு அம்மாள். ஊருக்கே வேனக்கா. டெஸ்டிங் சார் அன்று சாயங்காலம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னதும், வேனக்கா மூட்டையை மேலும் கீழும் பார்த்தாள்.

"சார், என் வேன்ல வர்ற பிள்ளைங்க அழும், அடிச்சுக்கும், அடுத்தவன் டப்பாவைத் திறந்து திங்கும், சாக்ஸைக் கழட்டி ஜன்னல் வழியா வீசும். இந்த மூட்டை இதுல எதைச் செய்யும்?"

"இது வெறும் குலுக்கல் டெஸ்ட்தான்."

"அப்ப லாரில போடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். ஆறுதல் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு நிதானமாகத் திரும்பினாள்.

"அவங்க சொல்றது நியாயம்தானே. மூட்டைக்குத் தூக்கம் வராது, வாந்தி வராது, ஒண்ணுக்கு வராது. எந்தப் பொருள் போகுதோ அதே பொருளை வெச்சுத்தான் டெஸ்ட் பண்ணணும்னு நீங்கதானே எப்பவும் சொல்வீங்க?"

"அதுக்காகக் குழந்தையையே வெச்சு டெஸ்ட் பண்ண முடியுமா?"

"வேண்டாம். நீங்க போங்க. காலைல எழுந்திருக்கறதுலேருந்து ராத்திரி படுக்கறது வரைக்கும் ஒரு நாள் நீங்கதான் குழந்தை. வேனக்காகிட்ட நான் பேசிக்கறேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மறுத்தால் முப்பது அடி நீளத்துக்குத் தொழிற்சாலைச் சுவரில் அவரே எழுதி ஒட்டிய விதிகளை எல்லாம் கிழித்துப் போட்ட மாதிரி ஆகும். தலையை ஆட்டினார்.

மேசைக்கு அடியிலிருந்து சுண்டெலி தலையை நீட்டினாள். "அப்பா குழந்தைன்னா நான் யாரு?"

"நீ யாரா இருக்கணும்?" என்றாள் அம்மா.

சுண்டெலி முழுசாக வெளியே வந்து நிமிர்ந்து நின்றாள். "நான் அப்பா" என்றாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே போர்வை உருவப்பட்டது. "அஞ்சு நிமிஷம்மா" என்று முனகினார் டெஸ்டிங் சார். அது நடிப்பில்லை. பல்லை விளக்கினோமா இல்லையா என்று தெரியாமலே விளக்கினார். பாலில் தோய்த்த ரொட்டியை மனைவி வாயில் திணித்தாள். பசி என்று ஒன்று உடம்பில் இன்னும் விழித்திருக்கவில்லை, மென்றுகொண்டே தூங்கினார். கட்டிலில் அவருடைய இடத்தில், அவருடைய தலையணையைக் கட்டிக்கொண்டு சுண்டெலி மல்லாந்து கிடந்தாள்.

"அவ ஏன் இன்னும் எழுந்திருக்கல?" என்று கேட்டார்.

"ஷ், அப்பா தூங்கறார். சத்தம் போடாம ஷூவை மாட்டு" என்றாள் மனைவி.

வேனில் ஏறியதும் முன் வரிசையிலிருந்து ஒரு ரெட்டைச் சடைக்காரி எழுந்து நின்றாள். பத்து வயது இருக்கும், வேனுக்கு லீடராம். "புது அட்மிஷன் கடைசி சீட்டு" என்று கை காட்டினாள். அந்தச் சீட்டு சுண்டெலி அளவு உடம்புக்கு உண்டானது. டெஸ்டிங் சார் அதில் தன்னை மடித்து வைத்தார். முழங்கால் இரண்டும் தாடையைத் தொட்டன. பக்கத்தில் முன்பல் இல்லாத ஒரு பொடியன் உட்கார்ந்திருந்தான். அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த கிளாஸ்?" என்று மரியாதையாகக் கேட்டான்.

வேனில் சட்டம் உண்டு. பாலம் தாண்டும்வரை யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது. ரெட்டைச் சடை அதை ஒப்பித்தபோது டெஸ்டிங் சார் சிரித்துக்கொண்டே பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடித்தார். படித்த மனிதர், யார் சொல்லிக் கேட்பார். பாலத்துக்கு வெகு முன்பே வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. வேன் ஓர் அடி நகரும், நிற்கும், மறுபடி ஓர் அடி நகரும். அவர் முதலில் காலை மாற்றிப் போட்டார். பிறகு இறுக்கிக்கொண்டார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்து வேறு விஷயங்களை நினைக்க முயன்றார். நினைவில் வந்ததெல்லாம் தண்ணீர்த் தொட்டியாகவே இருந்தது.

பொடியன் அவர் முகத்தைப் பார்த்த உடனே புரிந்துகொண்டு எழுந்தான். "அக்கா, புது அட்மிஷனுக்கு அவசரமாம்."

மொத்த வேனும் திரும்பியது. "தண்ணி குடிச்சார் அக்கா, நான் பார்த்தேன்" என்று ஒரு குரல் சாட்சி சொன்னது. வேனக்கா கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான், ஆனால் அந்தப் பார்வையில் அவருடைய இருபது வருட உத்தியோகம் காற்றில் போய்விட்டது. பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினாள். அவர் ஓடிப் போய்த் திரும்பி வரும்வரை பிள்ளைகள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

பாலம் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்தன. ரொட்டியும் பாலும் உள்ளே சண்டை போட்டன. பொடியன் தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தான். "ரெண்டு காதுலயும் மாட்டிக்குங்க அங்கிள், கை வலிக்காது. தூரத்துல ஒரு மரத்தையே பாருங்க." டெஸ்டிங் சார் மரத்தைத் தேடினார். மரம் கிடைப்பதற்குள் உறை பயன்பட்டுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. அந்த வேனில் அது அன்றாட நடப்பு என்று தெரிந்தபோதுதான் அவருக்கு என்னவோ போலிருந்தது.

பள்ளியில் அவர் குதிரையைப் பார்த்தார். அழகான குதிரைகள். நீச்சல் குளத்தையும் பார்த்தார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினவர் சாயங்கால மணிக்குத்தான் திறந்தார். கொண்டுபோன சாப்பாடு டப்பாவிலேயே இருந்தது.

திரும்பும்போது வேன் அடங்கிக் கிடந்தது. ரெட்டைச் சடைகூட வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினாள். பொடியன் மட்டும் அவர் பக்கம் திரும்பி, அன்று வகுப்புக்குள் ஒரு அணில் வந்த கதையை ஆரம்பித்தான். அணில் டீச்சர் மேசை மேல் ஏறியது, டீச்சர் நாற்காலி மேல் ஏறினார்.

"இதை வீட்டுல போய் அம்மாகிட்ட சொன்னா ரொம்ப சிரிப்பாங்களே" என்றார் டெஸ்டிங் சார்.

"வீடு போறதுக்குள்ள தூங்கிடுவேன் அங்கிள். எழுந்தா மறந்துடும். அதான் யார் பக்கத்துல இருக்காங்களோ அவங்ககிட்ட சொல்லிடுவேன்" என்றான். அணில் டீச்சரின் கைப்பைக்குள் இறங்கப் போகும் கட்டத்தில் அவன் தலை டெஸ்டிங் சாரின் தோளில் விழுந்தது. அவனுடைய வீட்டு வாசலில் வேனக்கா அவனை அப்படியே தூக்கிக் கொடுத்தாள். அணில் என்ன ஆனது என்று அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை.

இறங்கும்போது, மூட்டையிலிருந்து பிரித்தெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்த கருவியைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. வேனக்கா கெட்டிக்காரி, எந்தப் பள்ளத்திலும் தூக்கிப் போடவில்லை. பீங்கானாக இருந்திருந்தால் ஒன்றுகூட உடைந்திருக்காது. டெஸ்ட் பாஸ். நியாயமாக அவர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அவர் மனசு முழுக்க அணிலும், வாந்தியும், பெட்ரோல் நிலையமும்தான் நிறைந்திருந்தன. இதையெல்லாம் யாரிடமாவது உடனே கொட்டித் தீர்க்காவிட்டால் வெடித்துவிடுவார் போலிருந்தது.

"இன்னிக்கி வேன்ல என்ன ஆச்சு தெரியுமா" என்று செருப்பு ஸ்டாண்டிலிருந்தே ஆரம்பித்தார்.

"முதல்ல கை கால் கழுவு. பாலைக் குடி. ஒண்ணுலேருந்து அம்பது வரைக்கும் எழுத்தால எழுது" என்றாள் மனைவி. அவள் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. டெஸ்ட் என்றால் டெஸ்ட்.

பதினேழு எழுதும்போது அவர் முகம் நோட்டில் கிடந்தது. எழுப்பினாள். இருபத்திமூன்றில் மறுபடியும் கிடந்தது. அப்போது வாசல் கதவு தட்டப்பட்டது. அதுவரை வெளியே மாடிப்படியில் காத்திருந்த சுண்டெலி உள்ளே வந்தாள். அவருடைய ஷூவுக்குள் அவளுடைய இரண்டு காலும் கணுக்கால் வரை புதைந்திருந்தன. அவருடைய ஆபீஸ் பை தரையில் இழுபட்டு வந்தது. காதில் அவருடைய பழைய போன்.

"ம்... ம்... அந்தப் பெட்டிய நிறுத்தி வை. நான் பார்க்காம அனுப்பாத" என்று சொல்லிக்கொண்டே வந்து சோபாவில் தொப்பென்று விழுந்தாள். பையை அவர் போடும் அதே மூலையில் போட்டாள்.

டெஸ்டிங் சாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தூக்கம் போய்விட்டது. எழுந்து போய்ச் சோபாவுக்குப் பக்கத்தில் நின்றார். "அப்பா, இன்னிக்கி வேன்ல ஒரு பையன் அணில் கதை சொன்னான்."

சுண்டெலி போனிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலை உயர்த்தினாள். இரு, என்று அர்த்தம். அது அவருடைய விரல். அதை இதுவரை அவர் எதிரில் நின்று பார்த்ததில்லை.

இருந்தார். விரல் இறங்கவே இல்லை. மறுபடி, "அப்பா, அந்த அணில் இருக்கே" என்றார்.

"அப்படியா. சூப்பர்" என்றாள் போனைப் பார்த்துக்கொண்டே.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே."

"நாளைக்குச் சொல்லுடா கண்ணு. அப்பா டயர்டா இருக்கேன்."

அவர் சிரிக்க முயன்றார், இந்தத் தடவை வரவில்லை. மனைவி கதவோரம் நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் சிரிக்கவில்லை. அவள் சோபாவுக்கு வந்து, "ஏங்க, நாளைக்கு வெள்ளிக்கிழமை. பிள்ளைய அந்த தூரத்து ஸ்கூலுக்கு அனுப்பலாமா, வேண்டாமா? சொல்லுங்க" என்று சுண்டெலியைக் கேட்டாள்.

சுண்டெலி கழுத்தைச் சொறிந்தாள். அதுவும் அவருடையதுதான். "அனுப்பலாம். எனக்கு ஈஸி. காலைல நான் எழுந்திருக்கறதுக்குள்ள போயிடும், நான் வர்றப்ப தூங்கிடும். தொந்தரவே இருக்காது."

டெஸ்டிங் சார் முகத்தில் ஈயாடவில்லை. அவர் சொன்னதுதான். போன வாரம் தொழிற்சாலை நண்பர் ஒருவரிடம் போனில் விளையாட்டாகச் சொன்னது, ஒரு எழுத்து மாறாமல் அப்படியே வருகிறது. அப்போது இந்தச் சுண்டெலி எங்கே இருந்தாள்? மேசைக்கு அடியிலா, கட்டிலுக்கு அடியிலா? கேட்டுவிட்டு ஒரு வாரமாக அதை உள்ளே வைத்துக்கொண்டு, அவர் கையாலேயே சாப்பிட்டு, அவர் மடியிலேயே உட்கார்ந்து, மணல் மூட்டைக்கு மூக்கு வரைந்துகொண்டிருந்திருக்கிறாள். இப்படி ஒரு கீறலை எந்தக் கருவி காட்டிக் கொடுக்கும்?

அது சும்மா சொன்னதும்மா என்று சொல்லலாம். ஆனால் அப்படிச் சொல்ல வேண்டியது அப்பா, அவரோ இன்றைக்குக் குழந்தை. குழந்தையிடம் இருப்பது ஒரே ஆயுதம்தான். டெஸ்டிங் சார் அப்படியே தரையில் உட்கார்ந்தார், பிறகு படுத்தார், பிறகு இரண்டு காலையும் உதைத்தார்.

"நான் போக மாட்டேன்."

சுண்டெலி போனைத் தாழ்த்தினாள். "அடம் பிடிக்காத. அங்க குதிரை இருக்கு."

"எனக்குக் குதிரை வேண்டாம்."

"நீச்சல் குளம்?"

"வேண்டாம். நான் தெருக்கோடி ஸ்கூலுக்குத்தான் போவேன்."

சுண்டெலி அம்மாவைப் பார்த்தாள். "என்னைப் பார்க்காதீங்க. உங்க பிள்ளை, நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள் அம்மா.

சுண்டெலி பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். "காலைல யாரு கொண்டு போய் விடறது? எனக்கு ஆபீஸ் இருக்கே."

"நீங்கதான் விடணும். கையைப் பிடிச்சு நடந்து கூட்டிட்டுப் போகணும்."

"லேட்டாயிடும். பெட்டி எல்லாம் நிக்கும்."

"நிக்கட்டும்" என்றார் டெஸ்டிங் சார் தரையிலிருந்து. "ஊர்ல இருக்கற அத்தனை பெட்டியும் நிக்கட்டும்."

சுண்டெலி அவர் சொல்வது நிஜமா என்று கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். "சரி, தெருக்கோடி ஸ்கூல்" என்றாள். போனைச் சோபா மெத்தைக்கு அடியில் தள்ளினாள். பெரிய ஷூவிலிருந்து காலை உருவிக்கொண்டு இறங்கி, தரையில் அவருக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த அணில் என்ன பண்ணிச்சு?" என்றாள்.

வேனை விட்டு இறங்கியதிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தார். வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும்தான் வந்தது. சுண்டெலி தன் பாவாடை நுனியால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"அழாம, மெதுவா சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றாள். இதை மட்டும் அவள் அவரிடமிருந்து கற்றிருக்க முடியாது.